நாவடியிலிருந்து கழுத்துக்கு: தைராய்டு வந்த வழியில் தங்கிவிடும் நீர்க்கட்டி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் தங்கை, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் தன் மகன் காலையில் மைலோ குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதை முதலில் கவனித்தாள். ஒவ்வொரு மிடறு விழுங்கும்போதும் அவன் கழுத்தின் நடுவே, மோவாய்க்கும் குரல்வளைக்கும் இடையில், சிறு நெல்லிக்காய் அளவில் ஒன்று மேலே ஏறி இறங்கியது. தொட்டால் வலி இல்லை; விரல்களுக்கு நடுவே பிடித்தால் வழுக்கிக்கொண்டு போனது. அவளுடைய மாமியார், நெறி கட்டியிருக்கும், சளி இறங்கினால் தானாக வற்றிவிடும் என்று சொல்லி மூன்று இரவு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டார். நான்காம் நாள் அரசாங்கக் கிளினிக்கில் பார்த்த மருத்துவர் பையனை நாக்கை நீட்டச் சொன்னார். கட்டி மேலே ஏறியது. "தைரோகுளோசல் நீர்க்கட்டி போல இருக்கிறது" என்று சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அன்று மாலை தங்கை என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட முதல் கேள்வி இது: "நம்ம வீட்டுல யாருக்கும் தைராய்டு இல்லையேண்ணே, இவனுக்கு எப்படி வந்துச்சு?"

அந்தக் கேள்வியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. நம் வீடுகளில் தைராய்டு என்றால் உடல் பருத்துப்போவது, முடி கொட்டுவது, தினமும் வெறும் வயிற்றில் போடும் மாத்திரை என்றுதான் பொருள். பெரும்பாலும் பெண்களுக்கு, நடுத்தர வயதில் வரும் நோய் அது. பிள்ளையின் கழுத்தில் தோன்றிய இந்தக் கட்டிக்கும் அந்த நோய்க்கும் தொடர்பில்லை. உண்ணும் உப்பிலுள்ள அயோடின் குறைந்ததாலோ கூடியதாலோ இது வருவதுமில்லை. தைராய்டு சுரப்பி தாயின் வயிற்றில் உருவாகும்போது ஓரிடத்தில் தோன்றி இன்னோரிடத்துக்கு வந்து சேர்கிறது. அப்படி வந்த வழி மூடாமல் எங்கேனும் சிறிது எஞ்சியிருந்தால் அங்கே நீர் கோத்துக் கட்டியாகிறது. நாக்கை நீட்டினால் கட்டி ஏன் அசைகிறது, பிறவியிலேயே உள்ளது ஏன் 7 வயதில் தெரிகிறது, சிறிய கட்டியை எடுக்க எலும்பை ஏன் வெட்ட வேண்டும், கீறிச் சீழெடுத்தால் ஏன் ஆறுவதில்லை என்று பெற்றோர் கேட்கும் கேள்விகள் அனைத்துக்கும் விடை அந்த வழியில்தான் இருக்கிறது. ஆகையால் அதைச் சற்று நிதானமாகவே பார்ப்போம்.

கருவில் உருவாகும் நாளமில்லாச் சுரப்பிகளில் முதலில் தோன்றுவது தைராய்டு. கருத்தரித்து ஏறத்தாழ 24 நாள்கள் ஆனபோது, அதாவது தாய்க்கு நாள் தள்ளிப்போய்ச் சில நாள்களே ஆன நேரத்தில், அரிசி மணி அளவுகூட இல்லாத கருவின் தொண்டைத் தரையில், பின்னாளில் நாக்கின் அடிப்பகுதியாகப் போகும் இடத்தில், உயிரணுக்கள் சற்றே தடித்து ஒரு சிறு குழியாகின்றன. அக்குழியின் அடி ஒரு மொட்டுபோலக் கீழ்நோக்கி வளர்கிறது. அதுதான் தைராய்டின் தொடக்கம். மொட்டு கீழே இறங்க இறங்க, அது புறப்பட்ட இடத்தோடு அதை இணைக்கும் மெல்லிய தண்டு ஒன்று நீள்கிறது. உள்ளே துளையுள்ள இந்தத் தண்டுக்குத்தான் தைரோகுளோசல் குழாய் என்று பெயர். தைரோ என்பது தைராய்டையும் குளோசல் என்பது நாக்கையும் குறிக்கின்றன. இக்குழாயை விரிவாக விளக்கிப் பெயரிட்டவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பேராசிரியராக இருந்த உடற்கூற்றறிஞர் வில்ஹெல்ம் ஹிஸ், ஆண்டு 1885. சுரப்பியின் பெயரோ அதைவிட இரண்டு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது: 1656இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வார்ட்டன், கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார்.

இறங்குகிறது என்று சொன்னாலும், அந்தச் சுரப்பி தானே நடந்து போவதாக எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வாரங்களில் கருவின் முகமும் கழுத்தும் விரைந்து நீள்கின்றன. தொண்டைக்கு அருகே தொடங்கிய இதயம் மார்புக்குள் இறங்குகிறது. நாக்கின் அடி மேலே விலகிப்போக, சுரப்பி கீழே தங்குகிறது. ஊர் விரிந்துகொண்டே போகும்போது பழைய வீடு ஊருக்கு நடுவே வந்துவிடுவதைப் போன்றதுதான் இதில் பாதி. எப்படியாயினும் 7ஆவது வாரம் முடிவதற்குள் சுரப்பி குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறம், தன் நிலையான இடத்தை அடைந்துவிடும். வந்த வழியாகிய குழாய்க்கு அதன்பின் வேலை இல்லை. ஏறத்தாழ 10ஆவது வாரத்துக்குள் அது திரைந்து, துளை அடைபட்டு, மறைந்துபோக வேண்டும்.

மறைந்தபின்னும் அதன் முனைகள் நம் பலரிடமும் ஏதேனும் ஒரு வகையில் அடையாளமாக நிற்கின்றன. மேல்முனை, நாக்கின் பின்பகுதியில் சுவை மொட்டுகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால், குருட்டுத்துளை எனப்படும் சிறு பள்ளமாக எஞ்சுகிறது. கீழ்முனை, தைராய்டின் நடுவிலிருந்து மேல்நோக்கி எழும் கூம்பு மடலாகச் சுமார் பாதிப் பேருக்கு வாழ்நாள் முழுதும் இருக்கிறது. இவை நோயல்ல. இரண்டுக்கும் நடுவிலுள்ள வழியில் ஒரு துண்டு மூடாமல் நின்று, அதன் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் சளி போன்ற நீரைச் சுரந்து, அந்நீருக்குப் போக்கிடம் இல்லாமல் தேங்கும்போதுதான் நீர்க்கட்டி உண்டாகிறது.

இந்த வழியில் இன்னோர் இடத்தை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மோவாய்க்குக் கீழே, குரல்வளைக்கு மேலே, குதிரை லாட வடிவில் ஓர் எலும்பு இருக்கிறது. பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் கழுத்தின் இரு பக்கமும் மெதுவாக வைத்து அசைத்தால் அது கைக்குத் தட்டுப்படும். ஹையாய்டு எலும்பு என்பது அதன் பெயர். நாவடி எலும்பு என்றும் சொல்வார்கள். உடலில் வேறெந்த எலும்போடும் மூட்டாகச் சேராமல், தசைகளிலும் தசைநார்களிலும் தொங்கிக்கொண்டு, நாக்குக்கு அடித்தளமாக இருப்பது அது. தைராய்டு இறங்கும் அதே காலத்தில்தான் இந்த எலும்பும் இரு பக்கங்களிலிருந்தும் வளர்ந்து நடுவில் சேர்கிறது. குழாய் அதன் முன்புறமாக இறங்கினாலும், எலும்பு வளர்ந்து திரும்பும்போது குழாயைத் தன் கீழ்விளிம்பைச் சுற்றிப் பின்பக்கமாகவும் இழுத்துக்கொள்கிறது. சிலருக்கு எலும்பின் உள்ளேயே குழாய் சிக்கிக்கொள்வதும் உண்டு. இந்தச் சிறிய உறவுதான் 100 ஆண்டுகளுக்கு மேலாக இந்நோயின் அறுவைச் சிகிச்சையைத் தீர்மானித்து வந்திருக்கிறது.

கட்டி நாக்கின் அடியிலிருந்து மார்பெலும்பின் மேல்விளிம்புவரை இந்த நடுக்கோட்டில் எங்கு வேண்டுமானாலும் தோன்றலாம் என்றாலும், பெரும்பாலும் ஹையாய்டு எலும்பின் அளவிலோ அதற்குச் சற்றுக் கீழோதான் தோன்றுகிறது. எலும்புக்கு மேலே வருவது அதைவிடக் குறைவு. நாக்குக்குள்ளேயே வருவது மிக அரிது. சில வேளைகளில் நடுக்கோட்டை விட்டுச் சற்று ஒதுங்கியும் இருக்கும். அவ்வாறு ஒதுங்குவது இடப்பக்கமே அதிகம். குழந்தைகளின் கழுத்து நடுவே தோன்றும் பிறவிக் கட்டிகளில் இதுவே முதலிடம் வகிக்கிறது. சவப் பரிசோதனைகளில் 100 பேரில் சுமார் 7 பேருக்கு இக்குழாயின் ஏதோவொரு மிச்சம் காணப்பட்டிருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படியொன்று தம்மிடம் இருப்பதை அறியாமலே வாழ்ந்து முடித்திருப்பார்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனெனில் நம் பெண்கள் இதை எங்கே கொண்டுபோய் முடிக்கிறார்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன்.

என் தங்கை தன் பேறுகாலத்தை ஒரு மாதம்போல மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தாள். கிரகணத்தன்று வெளியே போனேனா, அன்னாசிப்பழம் தின்றேனா, பாரம் தூக்கினேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதில் எதுவும் காரணமல்ல. சுரப்பி புறப்பட்ட நாளில் தான் கருவுற்றிருப்பதே பல தாய்மாருக்கு உறுதியாகத் தெரிந்திருக்காது. தைரோகுளோசல் கட்டி மிகப் பெரும்பாலும் குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல் ஒரு பிள்ளைக்கு மட்டும் வருவது. பரம்பரையாக வருவது அரிது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறத்தாழச் சமமாகவே வருகிறது.

பிறவியில் உள்ளது ஏன் பிறந்தவுடன் தெரிவதில்லை? கட்டி நிரம்புவதற்குக் காலம் பிடிக்கிறது என்பது ஒரு காரணம்; கைக்குழந்தையின் கழுத்து குட்டையாகவும் கொழுப்போடும் இருப்பதால் மறைந்துகிடப்பது இன்னொன்று. பள்ளி செல்லும் வயதுக்கு முன்போ அதையொட்டியோ பலருக்குத் தெரியவருகிறது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள் தெரிந்துவிடும். எஞ்சியோரில் 50, 60 வயதில் முதன்முறையாகக் கண்டவர்களும் உண்டு. சளி, தொண்டை வலி என்று வந்து போனபின் கட்டி திடீரெனப் பெரிதாவதே பலருக்கு முதல் அறிகுறி. குழாயின் மேல்முனை வாயை நோக்கியிருப்பதால் வாயிலும் தொண்டையிலும் வாழும் கிருமிகள் அவ்வழியாக உள்ளே இறங்கக்கூடும். ஆகவே சளிக்கு நெறி கட்டியது என்று அந்த மாமியார் சொன்னதும் முற்றிலும் பிழையல்ல. சளிக்கும் கட்டிக்கும் தொடர்பு உண்டு, ஆனால் கட்டி நெறியல்ல.

அந்த மருத்துவர் நாக்கை நீட்டச் சொன்னதன் பொருள் இப்போது விளங்கும். தைராய்டில் எழும் எந்தக் கட்டியும் விழுங்கும்போது மேலே ஏறி இறங்கும், ஏனெனில் சுரப்பியே குரல்வளையோடு ஒட்டியிருக்கிறது. நாக்கை வெளியே நீட்டும்போது மேலே இழுபடுவது மட்டும் இந்தக் கட்டியின் தனிக்குறி. கட்டியைக் குழாயின் மிச்சம் ஹையாய்டு எலும்போடும் நாக்கின் அடியோடும் கட்டிப் போட்டிருக்கிறது. இதை வீட்டிலேயே பார்க்கலாம் என்றாலும் முறை தெரிந்து பார்க்க வேண்டும்: பிள்ளை முதலில் வாயைத் திறந்து தாடையை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டியை இரு விரலால் இலேசாகப் பற்றிக்கொண்டபின் நாக்கை நீட்டச் சொல்ல வேண்டும். அசையவில்லை என்றால் இது அதுவல்ல என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மிகக் கீழே இருக்கும் கட்டி அசையாமலும் இருக்கும்.

கழுத்துக் கட்டிகளில் வேறு வகைகளும் இருக்கின்றன. நடுக்கோட்டில் வரும், தோல் திசுவால் ஆன டெர்மாய்டு கட்டி இதைப் போலவே தோன்றும், பல நேரங்களில் எடுத்துச் சோதித்தபின்தான் வேறுபாடு தெரியும். கழுத்தின் பக்கவாட்டில் வருவது பிராங்கியல் கட்டி எனப்படும் வேறொரு பிறவிக் கட்டியாகவோ நெறிக்கட்டாகவோ இருக்கலாம். நம் நாட்டில் காசநோய் இன்னும் இருப்பதால், பழைய ஏடுகள் கண்டமாலை என்று சொன்ன காசநோய்க் கழலையையும் மருத்துவர் நினைத்துப் பார்ப்பார். பெரியவர்களுக்குப் பக்கவாட்டில் புதிதாக ஒரு கட்டி தோன்றிக் குறையாமல் நின்றால், மலேசியாவில் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும் என்பதால் தாமதிக்கவே கூடாது.

மருத்துவமனையில் செய்யும் சோதனைகளில் முதன்மையானது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, பிள்ளை விழித்திருக்கும்போதே முடிந்துவிடும். தங்கை மகனுக்கு ஸ்கேன் எடுத்தபோது, கட்டியைப் பார்த்து முடித்த பிறகும் ஸ்கேன் எடுத்த பெண் கருவியைக் கழுத்தின் அடிப்பக்கம் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு தங்கை கலங்கிப்போனாள். இன்னொரு கட்டி இருக்கிறதோ என்பது அவள் அச்சம். உண்மையில் அந்தப் பெண் தேடியது தைராய்டு சுரப்பியைத்தான். அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனையின் மிக முக்கியமான பகுதி என்று சொன்னால் மிகையாகாது.

காரணம் இது. அரிதாகச் சிலருக்குச் சுரப்பி முழுதாகக் கீழே வந்து சேர்வதில்லை. நாக்கின் அடியிலேயோ பாதி வழியிலேயோ நின்றுவிடுகிறது. பாதி வழியில் நிற்கும் அச்சுரப்பி வெளிப்பார்வைக்கு இந்த நீர்க்கட்டி போலவே தோன்றலாம். அவர்களில் பலருக்கு உடலில் உள்ள தைராய்டு திசு முழுவதும் அதுதான். கட்டி என்று எண்ணி அதை அறுத்தெடுத்துவிட்டால் பிள்ளைக்குத் தைராய்டே இல்லாமல் போகும். அதன் விளைவு என்ன என்பதை மருத்துவ உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது: சுவிட்சர்லாந்தின் அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், தைராய்டு வீங்கிய கழலைக்காகச் சுரப்பியை முழுவதும் அகற்றிய தம் நோயாளிகள் சிலர் பின்னர் உடல் வீங்கி, அறிவு மந்தமாகி, குழந்தைகளாயின் வளர்ச்சி நின்று போனதை 1883இல் தாமே வெளியிட்டார். தைராய்டு பற்றிய பணிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். இன்று சுரப்பிக்கு ஈடாக லெவோதைராக்சின் மாத்திரை இருக்கிறது என்றாலும், தேவையின்றி ஒரு பிள்ளையை வாழ்நாள் மாத்திரைக்கு ஆளாக்குவது எவருக்கும் உவப்பானதல்ல. ஆகவேதான் ஸ்கேனோடு இரத்தத்தில் டி.எஸ்.எச். என்னும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் அளவையும் பார்க்கிறார்கள், ஐயம் எழுந்தால் அணுக்கதிர் ஸ்கேன் செய்து, இயங்கும் தைராய்டு எங்கே இருக்கிறது என்று உறுதிசெய்கிறார்கள். மலேசியாவில் பிறக்கும் குழந்தைக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் தைராய்டுக் குறைபாடு சோதிக்கப்படுவதைப் பெற்றோர் பலரும் அறிவர். அந்தச் சோதனை சரியாக இருந்ததென்பதால் சுரப்பி சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருளாகாது. இடம் மாறிய சுரப்பி பச்சிளம் பருவத்தில் போதிய அளவு சுரந்துவிட்டு, பிள்ளை வளரும்போது ஈடுகொடுக்க முடியாமல் போவதும் உண்டு.

இனி நான் மனவருத்தத்தோடு எழுத வேண்டிய பகுதி. மருத்துவமனைத் தேதிக்காகக் காத்திருந்த நாள்களில் பையனுக்குச் சளி பிடித்தது. ஓர் இரவில் கட்டி எலுமிச்சை அளவுக்கு வீங்கி, மேல்தோல் சிவந்து, எச்சில் விழுங்கவே அழுதான். வீட்டருகே இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே மரத்துப்போகும் ஊசி போட்டுக் கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றி, துணி வைத்துக் கட்டி அனுப்பினார்கள். காய்ச்சல் மறுநாளே விட்டது, குடும்பம் நிம்மதியடைந்தது. பத்து நாளில் புண்ணும் மூடியது. அதன்பின் ஒரு நாள் பள்ளிச் சட்டையின் கழுத்துப்பட்டையில் மஞ்சளாக ஒரு கறை. துடைத்தால் மறுபடி. கழுத்தின் நடுவே ஊசிமுனை அளவில் ஒரு துளை விழுந்து, அதிலிருந்து பிசுபிசுப்பான நீர் கசிந்துகொண்டே இருந்தது. புரையோடிவிட்டது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான்.

தைரோகுளோசல் குழாய் வளர்ச்சியின் எந்தக் கட்டத்திலும் தோலுக்கு வருவதில்லை. அதன் ஒரு முனை நாக்கிலும் மறுமுனை சுரப்பியிலும் இருக்கின்றன. எனவே இந்தக் கட்டியில் கழுத்துத் தோலில் துளை இருந்தால் அது பிறவியில் வந்ததாக இருக்காது. சீழ் தானாக உடைத்துக்கொண்டதாலோ, யாரேனும் கீறியதாலோ, முந்தைய அறுவை முழுமையாகச் செய்யப்படாததாலோ உண்டானதாகத்தான் இருக்கும். கீறினால் அழுத்தம் தணியும், ஆனால் நீர் சுரக்கும் சுவரும் குழாயும் உள்ளேயே இருக்கின்றன. சுரப்பதை அவை நிறுத்துவதில்லை. புதிதாகத் திறந்துவிட்ட வாசல் வழியே அந்நீர் வெளியேறுகிறது. கிருமி தொற்றிய கட்டிக்கு முதலில் கொடுக்க வேண்டியது கிருமிக்கொல்லி மருந்து. அதற்கும் அடங்காமல் சீழ் கோத்துக்கொண்டால், கூடுமானவரை கத்திக்குப் பதில் ஊசியால் உறிஞ்சி எடுப்பதையே நிபுணர்கள் விரும்புகிறார்கள். மூச்சுக்கு ஆபத்து வரும் நிலையில் கீறித்தான் ஆக வேண்டும் என்றால் அது வேறு. தொற்று முற்றிலும் தணிந்து, சில வாரங்கள் கழிந்து, திசுக்கள் இளகிய பிறகே முழு அறுவையைச் செய்வார்கள். ஒருமுறை கீறப்பட்ட கழுத்தில் வழி எது, வடு எது என்று பிரித்தறிவது கடினமாவதால், அறுவைக்குப் பின்னும் கட்டி திரும்பிவரும் வாய்ப்பு கூடுகிறது. அந்த இரவில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று தங்கை கேட்டபோது, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அந்தப் பரிந்துரைக் கடிதத்தோடு போயிருக்கலாம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

முழு அறுவை என்று சொன்னது எதை? கட்டியை மட்டும் தோண்டி எடுப்பதே ஆரம்பகால முறை. அப்படி எடுத்தால் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டி திரும்பிவந்தது. 1893இல் ஷ்லாங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர், கட்டியோடு ஹையாய்டு எலும்பின் நடுப்பகுதியையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார். திரும்பிவருவது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பணியாற்றிய வால்டர் எல்லிஸ் சிஸ்ட்ரங்க் 1920இல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார்: எலும்போடு நின்றுவிடாமல், எலும்புக்கு மேலே நாக்கின் அடியிலுள்ள குருட்டுத்துளையை நோக்கி, குழாயைக் கண்ணால் தேடாமல் அது போகும் பாதையைச் சுற்றியுள்ள தசையையும் ஒரு தண்டுபோலச் சேர்த்தே அகற்றச் சொன்னார். அந்தப் பகுதியில் குழாய் நூலிழைபோல மெலிந்து கிளைவிட்டும் போகும் என்பதால், தேடிப் பிரிக்க முயன்றால் அறுந்துபோய் ஒரு கிளை உள்ளே தங்கிவிடும். இன்றும் உலகெங்கும் சிஸ்ட்ரங்க் அறுவை என்ற பெயரிலேயே இது செய்யப்படுகிறது. திரும்பிவருவது 100க்கு 3 முதல் 5 வரை என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. கருவியல் அறிவு கத்தியின் பாதையை இவ்வளவு நேரடியாக மாற்றிய இன்னோர் எடுத்துக்காட்டைச் சொல்வது கடினம்.

எலும்பை வெட்டுவார்கள் என்று கேட்டதும் பெற்றோர் நடுங்குவது இயல்பு. பையனின் பாட்டி, அப்புறம் பேச்சு வருமா என்றே கேட்டுவிட்டார். எடுப்பது அந்த லாடத்தின் நடுவில் ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் நீளத் துண்டு மட்டுமே. அந்த எலும்பு வேறு எலும்பைத் தாங்கி நிற்பதல்ல. இரு பக்கமும் எஞ்சும் பகுதிகளைத் தசைகள் பிடித்துக்கொள்கின்றன. பேச்சும் விழுங்குவதும் பாதிக்கப்படுவதில்லை. பையனை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, கழுத்து மடிப்பையொட்டிக் குறுக்காகக் கீறி, ஏற்கெனவே விழுந்திருந்த துளையைச் சுற்றியுள்ள தோலையும் சேர்த்து எடுத்தார்கள். சில அறுவை மருத்துவர்கள் வாய்க்குள் விரலை விட்டு நாக்கின் அடியைக் கீழ்நோக்கி அழுத்தி, குருட்டுத்துளை எங்கே இருக்கிறது என்று வெளியிலிருந்து காட்டிக்கொண்டே செய்வதும் உண்டு. இரத்தம் தேங்கி மூச்சை அழுத்தாமலிருக்க ஒரு மெல்லிய குழாயை வைத்து ஓரிரு நாளில் அகற்றுவது பலரது வழக்கம். தொற்று, இரத்தக்கசிவு, மிக அரிதாக நாக்கை அசைக்கும் நரம்புக்கோ குரல்வளைக்கோ காயம் என்று ஆபத்துகள் இல்லாமலில்லை. கைக்குழந்தைகளுக்கு ஹையாய்டு எலும்பு குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் ஏறக்குறையப் படிந்திருப்பதால் ஒன்றை மற்றொன்று என்று எண்ணிவிடும் ஆபத்தும் இருக்கிறது; பிள்ளைகளுக்கு அறுவை செய்து பழகியவர்களிடம் போவது அதனால்தான் நல்லது.

வலியில்லாத சிறு கட்டியை அப்படியே விட்டுவைத்தால் என்ன என்ற கேள்வி நியாயமானது. தொற்று வந்தபின் செய்யும் அறுவை கடினமாகும் என்பது முதல் பதில். இரண்டாவது, குழாயின் மிச்சத்தில் தைராய்டு உயிரணுக்களும் இருக்கலாம் என்பதால், தைராய்டில் வரும் புற்றுநோய் இங்கும் வரக்கூடும். 100 பேரில் சுமார் ஒருவருக்கே அது காணப்படுகிறது. அவர்களும் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். வகையும் பெரும்பாலும் மெதுவாக வளரும் பாப்பில்லரி வகை. பிள்ளையைப் பெற்றவர்கள் இந்தச் செய்தியைக் கேட்டு உறக்கம் கெட வேண்டியதில்லை, ஆனால் 40 வயதில் கழுத்து நடுவே கட்டி தோன்றிய ஒருவர், அது கெட்டியாகவோ விரைந்து பெரிதாகவோ ஆனால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

பினாங்கில் உள்ளவர்களுக்கு வழி கடினமானதல்ல. அரசாங்கக் கிளினிக்கில் அடையாள அட்டையைக் காட்டி 1 ரிங்கிட் கட்டிப் பார்த்தால், அங்கிருந்து பினாங்கு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ குழந்தை அறுவைப் பிரிவுக்கோ கடிதம் கிடைக்கும். நிபுணரைக் காணும் தேதி வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். கட்டி அமைதியாக இருக்கும்வரை அந்தக் காத்திருப்பால் கேடு இல்லை. காத்திருக்கவே கூடாத நிலைகள் சில: கட்டி சிவந்து காய்ச்சல் கண்டால், விழுங்க முடியாமல் எச்சில் வழிந்தால், குரல் மாறினால், எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு இழுக்கும்போது கீச்சென்று ஒலி எழுந்தால். பச்சிளங்குழந்தை மல்லாக்கக் கிடக்கும்போது மட்டும் மூச்சுத் திணறிப் பால் குடிக்கச் சிரமப்பட்டால், கழுத்தில் வெளியே எதுவும் தெரியாமலேயே நாக்கின் அடியில் இக்கட்டி மூச்சுப்பாதையை அடைத்துக்கொண்டிருக்கக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. அந்தக் குழந்தையை உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பையன் மூன்றாம் நாள் வீடு திரும்பினான். வடு கழுத்து மடிப்போடு மடிப்பாகக் கிடக்கிறது. எடுத்த கட்டியையும் எலும்புத் துண்டையும் நுண்ணோக்கியில் பார்த்து எழுதிய அறிக்கை பிறகு வந்தது: தைரோகுளோசல் குழாயின் நீர்க்கட்டி, புற்றின் அடையாளம் எதுவும் இல்லை. அந்தத் தாளையும், அறுவையின்போது என்ன எடுத்தார்கள் என்ற குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கிப் பையனின் பிறப்புப் பத்திரத்தோடு வைக்கும்படி தங்கையிடம் சொன்னேன். திரும்பிவரும் கட்டி பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே தலைகாட்டும். அப்படி வந்தால் அடுத்து பார்க்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, முன்பு எலும்பை எடுத்தார்களா இல்லையா என்பதாகத்தான் இருக்கும்.